கரடிகளின் கடி: எந்தத் தாடை வலியது?

எண்ணூரிலிருந்து ஒரு வாசகர், 2 ஜூன், மாலை 6.20

விலங்கியல் முதலாண்டு மாணவன் நான். கரடி இனங்களின் கடிவிசையை ஒப்பிடும் காணொளி ஒன்றில் பனிக்கரடிக்கு 1200 பி.எஸ்.ஐ., வட அமெரிக்கப் பழுப்புக் கரடியான கிரிஸ்லிக்கு 1160 பி.எஸ்.ஐ. என்று வரிசைப்படுத்தி, நம் காட்டுத் தேன்கரடியைக் கடைசியில் தள்ளி, பாண்டாவைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். மூங்கில் தின்னும் விலங்குக்குக் கடி எதற்கு என்று நண்பர்களும் சொல்கிறார்கள். ஆனால் தேன்கரடி தாக்கி முகம் சிதைந்தவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. எட்டு இனங்களில் உண்மையிலேயே எதன் தாடை வலியது?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து, 2 ஜூன், இரவு 9.45

தம்பி, அந்தப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். பி.எஸ்.ஐ. என்பது அழுத்தத்தின் அலகு. ஒரு சதுர அங்குலப் பரப்பில் எத்தனை பவுண்டு விசை விழுகிறது என்பதைச் சொல்வது. கடியின் விசை மாறாமலே இருக்க, பல் தொடும் பரப்பு மாறினால் இந்த எண் எங்கோ போய்விடும். 1300 நியூட்டன் விசையுள்ள ஒரு கடியை எடுத்துக்கொள்வோம். அது ஒரு சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் ஏறத்தாழ 1,900 பி.எஸ்.ஐ. வரும், அதே கடி கோரைப்பல்லின் நுனியில் ஒரு சதுர மில்லிமீட்டரில் இறங்கினால் 1,90,000 பி.எஸ்.ஐ.யை நெருங்கும். இரண்டும் ஒரே கரடி, ஒரே தாடை, ஒரே கடி. பரப்பைச் சொல்லாமல் பி.எஸ்.ஐ. மட்டும் சொல்பவர் எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கடியை ஒப்பிட விரும்பினால் நியூட்டனில் கேளுங்கள், எந்தப் பல்லில் அளந்தது என்று கேளுங்கள், அந்த விலங்கின் எடை என்ன என்றும் கேளுங்கள். இந்த மூன்றும் இல்லாத எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

2 ஜூன், இரவு 10.10

நான் விலங்கியல் படித்தவன் அல்லன். பல் கட்டும் தொழில் செய்பவன். மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வாங்கி, மாவுக் கல்லில் வார்த்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் சரியாகச் சேர்கின்றனவா என்று தாடைபோல் திறந்து மூடும் ஆர்டிகுலேட்டர் கருவியில் பொருத்திப் பார்த்து, பல் செட் செய்து கொடுப்பதே என் வேலை. தாடை எப்படி மூடுகிறது, எந்தப் பல் எந்தப் பல்லின் மேல் எவ்வளவு உட்காருகிறது என்பதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதால், இந்தக் கேள்வியைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

3 ஜூன், காலை 7.30

ஒருவர், "ஆராய்ச்சியாளர்கள் கரடியின் வாயில் கருவியை வைத்துத்தானே அளந்திருப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார். முதலைகளிடம் அப்படிச் செய்திருக்கிறார்கள். கிரிகோரி எரிக்சன் குழுவினர் உயிருள்ள முதலைகளைக் கருவியைக் கடிக்கவைத்து அளந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் உவர்நீர் முதலையின் கடி 16,000 நியூட்டனைத் தாண்டியது. கரடி இனங்களுக்கு நாம் மேற்கோள் காட்டும் எண்களோ பெரும்பாலும் காய்ந்த மண்டை ஓட்டிலிருந்து கணக்கிட்டவை. ஜே.ஜே. தாமசன் 1991இல் வகுத்துக் கொடுத்த வழி அது. மண்டை ஓட்டைக் குறிப்பிட்ட கோணங்களில் படம் எடுத்து, கன்ன எலும்பு வளைவுக்கும் மண்டைக்கும் இடையில் தசை எவ்வளவு அடைந்திருக்க முடியும் என்று பரப்பை அளந்து, ஒரு சதுர சென்டிமீட்டர் தசைக்கு 30 நியூட்டன் என்று பெருக்கி, நெம்புகோல் கணக்கில் பல்லுக்குக் கொண்டுவருவார்கள். உயிருள்ள தசை மண்டை ஓட்டின் ஓரத்தைத் தாண்டியும் புடைத்திருக்கும் என்பதால் இந்தக் கணக்கு சற்றுக் குறைவாகவே வரும். இனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். ஒரு குறிப்பிட்ட கரடி நம் கையைக் கடித்தால் எத்தனை நியூட்டன் என்று சொல்ல அது போதாது.

நெம்புகோல் கணக்கு கடினமானதன்று. பாக்குவெட்டியில் பாக்கை நுனியில் வைத்தால் நசுங்காது, கீலுக்கு அருகில் வைத்தால் இரண்டாகும். தாடையிலும் கீல் காதுக்கு முன்னால் இருக்கிறது, கோரைப்பல் தொலைவில் இருக்கிறது, கடைவாய்ப்பல் அருகில் இருக்கிறது. ஆகவே ஒரே தசை இழுக்கும்போது கோரைப்பல்லைவிடக் கடைவாயில் விசை கூடுதல். ஒரு விலங்கின் கோரைப்பல் எண்ணையும் இன்னொரு விலங்கின் கடைவாய் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு "இது வென்றது" என்று சொல்லும் பட்டியல்கள் ஏராளம்.

3 ஜூன், இரவு 9.00

இப்போது பாண்டா. உங்கள் காணொளி விட்டுவிட்ட விலங்குதான் இந்தக் கேள்விக்கு நடுநாயகம்.

ஸ்டீபன் ரோவும் பெர் கிறிஸ்டியன்சனும் 2007இல் வெளியிட்ட அட்டவணையில், 117.5 கிலோ எடையுள்ளதாகக் கணக்கிடப்பட்ட பாண்டாவின் கடி கோரைப்பல்லில் ஏறத்தாழ 1,299 நியூட்டன், கன்னப் பக்கத்தில் கத்தரிபோல் வெட்டும் கத்தரிப் பல்லில் ஏறத்தாழ 1,816 நியூட்டன். நம் வழக்கில் சொன்னால் கோரைப்பல்லில் 132 கிலோ எடையும் கத்தரிப் பல்லில் 185 கிலோ எடையும் அழுத்துவதற்குச் சமம். எடைக்கேற்பச் சரிசெய்து ஒப்பிடும் கடிவிசைக் குறியீட்டில், கோரைப்பல்லுக்கு 151 வருகிறது. அந்தக் குறியீட்டில் 100 என்பது அந்த எடையுள்ள ஊனுண்ணி விலங்குக்கு எதிர்பார்க்கப்படும் சராசரி அளவு. இதே வகைக் குறியீட்டை 2005இல் ரோ குழுவினர் வேறோர் அட்டவணையில் கணக்கிட்டபோது ஓநாய்க்கு 136, புலிக்கு 127, சிங்கத்துக்கு 112, பழுப்புக் கரடிக்கு 78 வந்தன. இரண்டும் தனித்தனி ஆய்வுகள் என்பதால் 151ஐயும் 78ஐயும் நேருக்கு நேர் கழித்துப் பார்க்க மாட்டேன். ஆனால் பாண்டா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லை.

காரணம் வேட்டையன்று, மெல்லுதல். பாண்டா ஒரு நாளில் 12 கிலோ முதல் 38 கிலோ வரை மூங்கில் தின்கிறது. அதன் குடல் ஊனுண்ணியின் குடல்; மாட்டுக்கு உள்ளதுபோல் நான்கு அறை வயிறு கிடையாது. உண்ட மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்கு செரித்தாலே அதிகம். ஆகவே நாளின் பெரும்பகுதி வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. மூங்கில் தண்டின் வெளித்தோல் எவ்வளவு கடினம் என்பது சாரம் கட்டுபவர்களைக் கேட்டால் தெரியும். அதை முன்கடைவாய்ப் பற்களால் உரித்து, உள்ளே உள்ளதைக் கடைவாயில் நசுக்கி விழுங்குகிறது. அந்த உழைப்பு முழுவதும் மண்டை ஓட்டில் எழுதப்பட்டிருக்கிறது: உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் உயர்ந்த எலும்பு முகடு, அதில் பற்றி நின்று கீழ்த்தாடையை மேலே இழுக்கும் பொட்டுத்தசை, பக்கவாட்டில் வெகுவாக விரிந்த கன்ன எலும்பு வளைவுகள். பாண்டாவின் முகம் வட்டமாகத் தெரிவதற்குக் கொழுப்பு காரணமன்று. அந்த வட்டத்தில் பெரும்பகுதி தாடைத் தசை. டுவைட் டேவிஸ் 1964இல் பாண்டாவின் உடற்கூற்றை முழுமையாக எழுதியபோதே இதை அங்குலம் அங்குலமாக விவரித்துவிட்டார்.

பெய்ஜிங் உயிரியல் பூங்காவில் குகு என்ற பாண்டா 2006, 2007, 2009 ஆகிய ஆண்டுகளில், தன் அடைப்புக்குள் நுழைந்தவர்களைக் கடித்திருக்கிறது. கடைசி நிகழ்வில், குழந்தையின் பொம்மையை எடுக்க உள்ளே குதித்தவரின் காலைக் கவ்விய தாடையைத் திறக்கக் கருவி தேவைப்பட்டதாகச் செய்திகள் சொல்லின.

3 ஜூன், இரவு 9.25

மேலே எழுதியதைத் தவறாகக் கொள்ள வேண்டாம். பாண்டா தன் எடைக்கு வலிய கடி கொண்டது என்றேனே தவிர, எல்லாக் கரடிகளிலும் மிகுந்த விசை அதனுடையது என்று சொல்லவில்லை. 400 கிலோவைத் தாண்டிய ஆண் பனிக்கரடியோ அலாஸ்காவின் கோடியாக் தீவுப் பழுப்புக் கரடியோ கடித்தால் மொத்த விசை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் எடையின் விகிதத்தில் வராது. தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் எடை கன அளவைப் பொறுத்தது. ஒரே வடிவத்தில் இருமடங்கு நீளமுள்ள கரடி எட்டு மடங்கு எடை இருக்கும், கடியோ நான்கு மடங்குதான் இருக்கும். பெரிய விலங்கைச் சிறிய விலங்கோடு ஒப்பிட எடைச் சரிசெய்தல் தேவைப்படுவது இதனால்தான்.

4 ஜூன், பிற்பகல் 2.15

கொளத்தூர் நண்பர், கரடிகளில் முழு ஊனுண்ணி பனிக்கரடி ஒன்றே என்பதால் தாடையும் அதற்கே வலிமையாக அமைந்திருக்க வேண்டும் என்கிறார். கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. மண்டை ஓடு அப்படிச் சொல்லவில்லை.

கிரகாம் ஸ்லேட்டர், பிளேர் வான் வால்கன்பர்க் உள்ளிட்டோர் 2010இல் பனிக்கரடி, பழுப்புக் கரடி ஆகியவற்றின் மண்டை ஓடுகளைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக அமைத்து, கடிக்கும்போது எலும்பில் எங்கே எவ்வளவு சுமை ஏறுகிறது என்று பார்த்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கடிவிசையைத் தர முடிந்தது. ஆனால் அந்த விசையைத் தாங்குவதில் பனிக்கரடியின் மண்டை பலவீனமாக இருந்தது. அது நீண்டு தாழ்ந்த மண்டை. நீரில் நீந்தவும் பனியில் உள்ள மூச்சுத் துளைக்குள் தலையை விட்டுச் சீல் என்ற கடல்விலங்கை இழுக்கவும் ஏற்றதாக இருக்கலாம். கடினமானதை மணிக்கணக்கில் அரைக்க ஏற்றதன்று. கடைவாய்ப்பற்களும் பழுப்புக் கரடியைவிடச் சிறியவை. சீலின் கொழுப்பையும் தோலையும் அரைக்க வேண்டியதில்லை, கிழித்து விழுங்கினால் போதும். பழுப்புக் கரடி வழியிலிருந்து பிரிந்து வந்த இனம் பனிக்கரடி. உணவு மாறியதும் மெல்லும் கருவி இவ்வளவு வேகமாகத் தேய்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பழுப்புக் கரடி எதையும் விடாது: வேர், கிழங்கு, பெர்ரி, சால்மன், மான் குட்டி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் மலைச்சரிவுப் பாறைகளுக்கு அடியில் ஒரு நாளில் 40,000 அந்துப்பூச்சிகள் வரை. அந்தப் பொது உணவுக்கு அகன்ற, தட்டையான, சுருக்கங்கள் நிறைந்த கடைவாய்ப்பற்கள். மண்டையின் வலு இந்த அரைப்புக்காக. சுருங்கச் சொன்னால், கொல்வதற்குத் தாடை வலுவாக வேண்டிய தேவை கரடிக் குடும்பத்தில் குறைவு. மெல்லத்தான் வலு வேண்டியிருக்கிறது.

4 ஜூன், இரவு 8.40

நம் தேன்கரடிக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுத எனக்குத் தனி உரிமை இருப்பதாக நினைக்கிறேன், ஏனென்றால் அதன் மேல்தாடையை என் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கால்நடை மருத்துவம் படித்த ஒரு பிள்ளை, தன் கல்லூரியில் இருந்த பழைய மண்டை ஓட்டிலிருந்து எடுத்த அச்சைக் கொண்டுவந்து, மாணவர்கள் கையாளுவதற்குப் படி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டது. பிளாஸ்டர் உடையும் என்பதால் டென்டல் ஸ்டோனில் வார்த்தேன். வார்ப்பை அச்சிலிருந்து கழற்றித் திருப்பியபோது முன்வரிசையைப் பார்த்து, காற்றுக்குமிழி விழுந்து இரண்டு பற்கள் வராமல் போய்விட்டனவோ என்று ஒரு கணம் தோன்றியது. அச்சை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். அங்கே குழியே இல்லை. தேன்கரடிக்கு மேல்வரிசையில் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு வெட்டுப்பற்கள் இயற்கையிலேயே கிடையாது. மற்றக் கரடிகளுக்கு 42 பற்கள் என்றால் இதற்கு 40. அந்த இடைவெளிக்குப் பின்னால் அண்ணம் ஆழமாக, நீளமாகக் குழிந்து போகிறது. என் கட்டைவிரலை அதில் படுக்கவைத்தால் அடங்கியது. மனித வாய்க்கு அப்படி ஓர் அண்ணம் வந்தால் பல் செட் நிற்காது.

அந்த இடைவெளியும் பள்ளமும் சேர்ந்து ஒரு குழாய். கரையான் புற்றை நகத்தால் பிளந்து, முதலில் ஊதிப் புழுதியை அகற்றி, மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சுகிறது தேன்கரடி. அந்த ஒலி நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இதோடு கொன்றைக்காய், நாவல், இலந்தை, அத்தி, தேன். இவற்றில் எதையும் நெடுநேரம் அரைக்கத் தேவையில்லை. கடைவாய்ப்பற்கள் உடலளவுக்குச் சிறியவையாக இருப்பதில் வியப்பில்லை. உங்கள் காணொளி இதைக் கடைசியில் வைத்ததற்கு அவர்களிடம் ஆதாரம் இருந்ததோ இல்லையோ, மெல்லும் வலுவைப் பொறுத்தவரை அந்த இடம் ஏறத்தாழப் பொருந்தும்.

ஆனால் கோரைப்பற்கள் அப்படியில்லை. அந்த வார்ப்பில் மற்றப் பற்களையெல்லாம் மறக்கடிக்கும் அளவுக்கு அவை அடிப்பகுதியில் தடித்திருந்தன. உண்பதற்கு அவை வேண்டியதில்லை. வேறு எதற்கோ வேண்டியிருக்கிறது.

5 ஜூன், காலை 6.50

எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதுதான் உங்கள் கேள்வியின் பாதி.

தேன்கரடி புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வந்த இனம். மரத்தில் ஏறித் தப்புவது அதன் வழியன்று. நெருக்கத்தில் எதிர்ப்பட்டால் எழுந்து நின்று, கத்தி, மேலே பாய்ந்து விரட்டுவதே அதன் வழி. குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் தாய்க்கு ஓடி ஒளிவதும் கடினம். விறகு பொறுக்கவோ இலுப்பைப் பூ பொறுக்கவோ குனிந்திருக்கும் மனிதரை அது புதரில் திடீரென்று சந்திக்கும்போது, புலியிடம் செய்வதையே நம்மிடமும் செய்கிறது. அது எழுந்து நின்றால் அதன் வாயும் முன்னங்கால்களும் நம் முகத்துக்கு நேராக வருகின்றன. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா போன்ற இடங்களிலிருந்து வரும் மருத்துவக் குறிப்புகளில் காயங்கள் தலையிலும் முகத்திலும் குவிவது இதனால்தான். புற்றைப் பிளப்பதற்கென்று வளர்ந்த 6 முதல் 8 சென்டிமீட்டர் நீள நகங்களும் அந்தக் கோரைப்பற்களும் மனித முக எலும்புக்கு மிகையானவை. முகத்தின் எலும்புகள் மெல்லியவை; பாண்டாவின் தாடை அங்கே தேவையே இல்லை.

ஆகவே தம்பி, கடி பலவீனமான விலங்கு எப்படி இவ்வளவு சேதம் செய்யும் என்ற வியப்புக்கு இடமில்லை. ஒரு கரடி நமக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அது எவ்வளவு அருகில், எவ்வளவு திடீரென்று, எந்த மனநிலையில் நம்மைச் சந்திக்கிறது என்பது முடிவு செய்கிறது. தாடையின் நியூட்டன் அந்தக் கணக்கில் கடைசியில்தான் வரும்.

5 ஜூன், இரவு 9.30

நகத்தைப் பற்றி எழுதியதும் வேறொன்று சேர்க்கத் தோன்றியது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் கரடி கதவை உடைத்து உள்ளே புகுந்து எண்ணெய் தேடியதாக அடிக்கடி செய்தி வருகிறது. அந்தக் கதவுகளைத் திறப்பதும் தாடையன்று, முன்னங்காலும் தோளும்தான்.

அமெரிக்காவில் கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டிகளுக்குச் சான்று வழங்க, மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள மையத்தில் வளர்க்கப்படும் கிரிஸ்லிகளிடமே பெட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே உணவு இருக்கும்; கரடி அறுபது நிமிடம் குதிக்கலாம், உருட்டலாம், கடிக்கலாம். தாங்கினால் தேர்ச்சி. நியூட்டன் எண்ணைவிட இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன், ஏனென்றால் கரடி தன் உடல் முழுவதையும் சேர்த்துத்தான் பயன்படுத்துகிறது.

6 ஜூன், பிற்பகல் 1.10

வியாசர்பாடியிலிருந்து எழுதும் அம்மா, "முன்பெல்லாம் தெருவில் கரடி கொண்டுவருவார்களே, அவற்றுக்குக் கடி இல்லையா, பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்போமே" என்று கேட்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன், அம்மா. எங்கள் தெருவில் வந்த கரடியின் மூக்கில் துளையிட்டுக் கயிறு கோத்திருந்தது. கரடிமுடி வைத்த தாயத்துக் கட்டினால் குழந்தை பயப்படாது என்று எங்கள் பாட்டி வாங்கிக் கட்டினார். அப்போது அதன் வாயைப் பார்த்தது நினைவிருக்கிறது: உதடு தொங்க, கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கிய கட்டை மட்டும் இருந்தது. குட்டியாக இருக்கும்போதே கோரைப்பற்களை உடைத்தோ பிடுங்கியோ விடுவார்கள். மயக்க மருந்து கிடையாது. பல்லின் உள்ளே நரம்பும் இரத்தமும் உண்டு. உடைத்த பல் திறந்தே கிடந்தால் வேரில் சீழ் பிடித்துத் தாடை எலும்பு வரை போகும். மனிதருக்கு அந்த நிலை வந்தால் ஓர் இரவு தூங்க மாட்டார். அந்தக் கரடி ஆண்டுக்கணக்கில் அதோடு ஆடியது. இதை எழுதும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேன்கரடி இருக்கிறது. மீட்பு அமைப்புகள் கரடியாட்டம் நடத்திவந்த கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் அமைத்துக் கொடுத்து, 2009இல் கடைசி ஆட்டக் கரடியையும் பெற்றுக்கொண்டன. அப்படி வந்தவை ஆக்ராவிலும் பெங்களூரு பன்னேர்கட்டாவிலும் உள்ள மீட்பு மையங்களில் வாழ்கின்றன. கோரைப்பல் இல்லாமலேயே அவை நன்றாக உண்கின்றன. உணவுக்கு அந்தப் பல் வேண்டியதில்லை என்று நான் மேலே சொன்னதற்கு இந்தக் கொடுமையே சான்றாகிவிட்டது.

7 ஜூன், இரவு 10.00

மற்ற இனங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

சூரியக் கரடிதான் எட்டிலும் சிறியது. பெரும்பாலும் 65 கிலோவுக்குள். நம் நாட்டில் வடகிழக்கு மாநிலக் காடுகளில் மட்டும் இருக்கிறது. குட்டையான அகன்ற தலை, உடலுக்கு மிஞ்சிய கோரைப்பற்கள். உயிர் மரத்தின் பட்டையையும் கட்டையையும் கடித்துக் கிழித்து உள்ளே இருக்கும் தேன்கூட்டையும் புழுக்களையும் எடுக்கிறது. தேன்கரடியும் இதுவும் பூச்சியும் தேனும் தின்பவைதான், இரண்டுக்கும் நீண்ட நாக்கு. ஆனால் ஒன்று மண்ணைப் பிளக்க நகத்தை நம்புகிறது, மற்றொன்று மரத்தைப் பிளக்கப் பல்லையும் நம்புகிறது. உணவு என்ன என்பதோடு அந்த உணவு எதற்குள் அடைபட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று இதை நினைக்கும்போது தோன்றுகிறது. பாண்டா பற்றி எழுதியபோது இந்தக் கோணத்தை நான் சொல்லவில்லை.

தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைகளின் கண்ணாடிக் கரடி இன்னும் சுவையானது. அதன் கீழ்த்தாடையின் வெளிப்புறத்தில் மெல்லுதசைக்கென்று ஒரு கூடுதல் பள்ளம் உண்டு. வாழும் மற்றக் கரடிகளுக்கு அது இல்லை. அழிந்துபோன குட்டைமுகக் கரடிகளுக்கு இருந்தது. பனை இனங்களின் குருத்து, மரங்களில் ஒட்டி வளரும் புரோமீலியாச் செடிகளின் நார் நிறைந்த அடிப்பகுதி ஆகியவை அதன் உணவு. பாண்டாவுக்கு அடுத்து தாவர நாரை அரைக்கும் தாடை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அமெரிக்கக் கருங்கரடியும் ஆசியக் கருங்கரடியும் நடுவில் நிற்பவை, கொட்டைகளும் பழங்களும் உண்பவை.

அழிந்தவற்றைச் சேர்ப்பதானால், தென்னாப்பிரிக்காவின் லாங்கபான்வெக்கில் கிடைத்த அக்ரியோதீரியம் என்ற பெருங்கரடியின் மண்டை ஓட்டை 2012இல் கணினி மாதிரியாக்கிப் பார்த்தபோது, ஒப்பிட்ட எல்லாக் கரடிகளையும்விட வலிய கடி அதற்கே வந்தது. ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய விலங்கு அது.

8 ஜூன், காலை 8.20

ஆசியக் கருங்கரடிக்குக் குறியீடு 44 என்றும், பாண்டாவின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்றும் ஒருவர் அட்டவணையைக் காட்டி எழுதியிருக்கிறார். அந்த 44 ரோ குழுவினரின் 2005 அட்டவணையில் இருப்பது உண்மை. ஆனால் அதை வைத்து ஆசியக் கருங்கரடிக்குக் கடி இல்லை என்று முடிவு கட்ட நான் தயாராக இல்லை. கரடியின் எடை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். குளிர்காலத்துக்கு முன் கொழுத்த கரடியும் பின் மெலிந்த கரடியும் ஒரே மண்டை ஓட்டைத்தான் சுமக்கின்றன. எடையால் வகுத்து வரும் குறியீட்டில், எந்த எடையைப் போட்டார்கள் என்பதே விடையை அசைத்துவிடும். ஆணும் பெண்ணும் வேறு, இளையதும் முதியதும் வேறு. உச்சி முகடு வயது ஏற ஏறத்தான் உயர்கிறது. பாண்டாவின் 151ஐயும் இதே எச்சரிக்கையோடுதான் நான் வைத்திருக்கிறேன். எனினும் பாண்டாவுக்கு எண்ணைத் தவிர முகடும், வளைவும், பல்லின் அகலமும் ஒரே திசையில் சாட்சி சொல்கின்றன. எண்ணும் எலும்பும் ஒத்துப்போகும் இடத்தில் நான் உறுதியாக நிற்பேன். எண் மட்டும் தனியாக நிற்கும் இடத்தில் காத்திருப்பேன்.

என் தொழிலிலும் இதைக் காண்கிறேன். பல் செட் போட்டவரின் கடிவிசை இயற்கைப் பல் இருந்தபோது இருந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். தசை குறைந்துவிட்டதா? அவ்வளவு குறையவில்லை. ஈறு தாங்காது என்று தெரிந்து தசை தானே அடங்கிவிடுகிறது. அவருக்கு உதவ நான் தசையைக் கூட்ட முடியாது. கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளத்தைச் சீராக்கிக் கொடுத்தால் முறுக்குகூடத் தின்கிறார். தாடையின் வலு வேறு, பல்லின் பரப்பு வேறு, உணவு உடைவது வேறு. கரடிகளுக்கும் இந்த மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

9 ஜூன், இரவு 9.15

எண்ணூர்த் தம்பி, வகுப்புக்கு ஓர் ஒப்பீடு செய்து காட்ட வேண்டும், எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உயிருள்ள தேன்கரடியை வண்டலூரில் பார்க்கலாம். நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் உயிர்க்காலேஜ் அதுதான். சென்ட்ரல் அருகே பூங்காவில் இருந்தது 1985இல் அங்கே போனது. தீனி போடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போய், அது உணவை முன்பற்களால் எடுக்கிறதா, உதட்டால் எடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உதட்டின் நீளம் அங்கே தெரிந்துவிடும்.

மண்டை ஓட்டுக்கு அருங்காட்சியகங்கள் வெளியிட்டுள்ள அளவுகோலுடன் கூடிய படங்கள் போதும். பக்கவாட்டுப் படத்தில் நான்கு நீளங்களை எடுங்கள்: தாடை மூட்டிலிருந்து கோரைப்பல் நுனி வரை, மூட்டிலிருந்து கடைசிக் கடைவாய்ப்பல் வரை, மூட்டிலிருந்து பொட்டுத்தசை பற்றும் கீழ்த்தாடைக் கொம்பின் உச்சி வரை, மண்டையின் மொத்த நீளம். மூன்றாவதை முதலாவதால் வகுத்தால் கோரைப்பல்லில் எவ்வளவு நெம்பு கிடைக்கிறது என்பது வரும். இரண்டாவதால் வகுத்தால் கடைவாயில். பின் மேலிருந்து எடுத்த படத்தில் கன்ன வளைவுகளின் அகலத்தை மண்டை நீளத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பாண்டா, பனிக்கரடி, தேன்கரடி மூன்றுக்கு மட்டும் செய்தால் போதும். அளவுகளை இங்கே போடுங்கள், எந்தப் படத்திலிருந்து, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து. தேன்கரடிக்கு என்னிடம் உள்ள வார்ப்பின் அளவைக் காலிப்பரில் எடுத்து நாளைக் காலை கடை திறந்ததும் எழுதுகிறேன். கீழ்த்தாடை என்னிடம் இல்லை, அதை நீங்கள்தான் படத்தில் தேட வேண்டும்.